இரண்டு பருவங்களின் ஆட்டக்காரர்

2020 ஆம் ஆண்டின் ரமளான் மாதத்தை நம்மில் எவரும் எளிதில் மறந்துவிட இயலாது. பள்ளிவாசல்களின் கதவுகள் சாத்தப்பட்டிருந்தன. தராவீஹ் தொழுகையை வீட்டுக் கூடத்திலேயே வரிசை கட்டி நின்று நிறைவேற்றினோம். ஆண்டுதோறும் பள்ளியிலிருந்து தூக்குச்சட்டியில் வரும் நோன்புக் கஞ்சியும் அவ்வாண்டு வரவில்லை. அம்மாதத்தின் ஆறாம் நோன்பன்று, ஏப்ரல் 30 அன்று, நோன்பு திறந்து மக்ரிப் தொழுதபின் எங்கள் அத்தா வானொலிப் பெட்டியின் அருகில் அமர்ந்திருந்தார். காலையிலிருந்தே செய்திகள் அனைத்தும் மும்பையில் மறைந்த இந்தி நடிகர் ஒருவரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தன. அவற்றின் இடையே, மிகச் சிறிய செய்தியாக, கொல்கத்தாவில் சுனி கோஸ்வாமி காலமானார் என்று அறிவித்தார்கள்.

அத்தா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, எங்கள் எட்டு வயது மகனை அருகில் அழைத்து, "உன் வயசுலதான் அவர் அந்தக் கிளப்புல சேர்ந்தார்" என்றார். அன்றிரவு தொடங்கி அந்த ஊரடங்கு முடியும் வரை, பிள்ளைக்கு அவன் நன்னா சொன்ன கதைகளில் பெரும்பாலானவை அந்த ஒருவரைப் பற்றியவையே.

எங்கள் அத்தா இளமையில் ஏழாண்டுகள் கல்கத்தாவில் இருந்தவர். தோல் வணிகம் செய்த நம்மவர் ஒருவரின் மண்டியில் கணக்கெழுதும் வேலை. 1962 இல் சென்று 1969 இல் ஊர் திரும்பினார். நாள் முழுதும் பதனிட்ட தோலின் வாடையில் இருந்துவிட்டு, மாலையில் காற்று வாங்க மைதானத்திற்குச் செல்வது அவருக்கு வழக்கமாயிற்று. கல்கத்தாவாசிகள் "மைதான்" என்று சொல்வது ஒரு விளையாட்டுத் திடலையன்று. ஹூக்ளி ஆற்றை ஒட்டி, வில்லியம் கோட்டையைச் சூழ்ந்து பரந்து கிடக்கும் பெரும் புல்வெளியை. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் என்ற மூன்று பெரும் கழகங்களுக்கும் அங்கேதான் இடம். இவற்றுள் முகமதன் ஸ்போர்ட்டிங், 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்தாண்டுகள் கல்கத்தா லீக் கோப்பையை வென்ற கழகம். அக்கோப்பையை வென்ற முதல் இந்தியக் கழகமும் அதுவே. மண்டியில் இருந்த நம்மவர் அனைவரும் இயல்பாகவே முகமதன் பக்கம். அத்தாவும் அப்படியே. ஆயினும் மோகன் பகான் ஆடும் நாளில், நுழைவுச்சீட்டுக்குக் காசில்லாமல், கோட்டை மேட்டில் ஏறி நின்று அவர் பார்த்தது ஒரே ஒருவரின் ஆட்டத்தை. "எதிரணிக்காரனை ரசிக்கக் கத்துக்கிட்டதே அவராலதான்" என்பார்.

சுபிமல் கோஸ்வாமி என்பது அவருடைய முழுப்பெயர். சுனி என்பது வீட்டார் வைத்த செல்லப்பெயர். 1938 ஜனவரி 15 அன்று, இன்று வங்கதேசத்தில் உள்ள கிஷோர்கஞ்ச் பகுதியில் பிறந்தார். குடும்பம் கல்கத்தாவில் குடியேறியது. 1946 இல், எட்டு வயதில், மோகன் பகானின் சிறுவர் அணியில் சேர்ந்தார். 1954 இல் முதன்மை அணிக்குள் வந்தார். 1968 இல் கால்பந்திலிருந்து ஓய்வு பெறும் வரை வேறெந்தக் கழகத்தின் சட்டையையும் அவர் அணியவில்லை. சீருடைக்குச் சீருடை ஆட்டக்காரர்கள் மாறிக்கொண்டிருந்த நகரம் அது. இன்னொரு கழகம் கூடுதலாகத் தருவதாகச் சொன்னால் செல்வதில் குற்றமும் இல்லை. ஆனால் எட்டு வயதில் பந்து கொடுத்த இடத்திலேயே முப்பது வயதில் காலணியைக் கழற்றிய ஒருவரை அத்தா வியந்ததில் வியப்பில்லை. அவரும் ஒரே முதலாளியிடம் ஏழாண்டுகள் கணக்கெழுதியவர்தாம்.

1958 இல் டோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டிலும், 1960 இல் ரோம் ஒலிம்பிக்கிலும் சுனி ஆடினார். 1962 இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டிற்கு அவரே அணித்தலைவர். அந்த அணியைப் பற்றி நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும் என்று எண்ணுகிறோம்.

அணியின் பயிற்சியாளர் ஐதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரஹீம். அடிப்படையில் அவர் ஒரு பள்ளி ஆசிரியர். எல்லோரும் அவரை "ரஹீம் சாகிப்" என்றே அழைத்தனர். 1951 இல் தில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் இந்தியக் கால்பந்து அணிக்குத் தங்கம் பெற்றுத் தந்தவரும், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் அதை நான்காம் இடம் வரை அழைத்துச் சென்றவரும் அவரே. ஜகார்த்தா சென்றபோது புற்றுநோய் அவர் நுரையீரலைத் தின்றுகொண்டிருந்தது. அவரிடம் பயின்ற அந்த அணியில் வங்காளி இருந்தார், சீக்கியர் இருந்தார், மலையாளி இருந்தார், கோவாக்காரர் இருந்தார். ஐதராபாத்தின் யூசுப் கான் இருந்தார். இலக்கைக் காத்தவர்களுள் ஒருவர் பீட்டர் தங்கராஜ்; ஐதராபாத்தில் பிறந்து, மதராஸ் ரெஜிமெண்டில் பணியாற்றிய, நெடிதுயர்ந்த தமிழர்.

முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 0-2 என்று இந்தியா தோற்றது. அடுத்து தாய்லாந்தை 4-1 என வென்றது. அவ்வாட்டத்தில் தற்காப்பு வீரர் ஜர்னைல் சிங்கின் தலை பிளந்து தையல் போடவேண்டியதாயிற்று. பின்னர் ஜப்பானை 2-0 என வென்று அரையிறுதிக்கு வந்தது. காயம்பட்டவரைப் பின்வரிசையில் நிறுத்தாமல், தலையில் கட்டுடன் முன்வரிசையில் ஆடவைத்தார் ரஹீம் சாகிப். தென்வியட்நாமுடனான அரையிறுதி 3-2 என முடிந்தது. ஜர்னைல் ஒன்று, சுனி இரண்டு.

செப்டம்பர் 4 அன்று இறுதி ஆட்டம். மீண்டும் அதே தென்கொரியா. அரங்கில் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர். அவர்களுள் பெரும்பாலோர் இந்தியாவுக்கு எதிரான கூச்சலில் இருந்தனர். இஸ்ரேலையும் தைவானையும் அவ்விளையாட்டிற்கு அழைக்காததை இந்தியாவின் ஒலிம்பிக் பிரமுகர் ஜி. டி. சோந்தி கண்டித்ததே அச்சினத்திற்குக் காரணம். இந்தியத் தூதரகமும் தாக்கப்பட்டிருந்தது. நாட்டுப்பண் ஒலித்தபோதும் கூச்சல் ஓயவில்லை. அந்நேரத்தில் இந்திய அணிக்காகக் குரல் கொடுத்தவர்கள் பாகிஸ்தான் ஹாக்கி அணியினர் என்று வீரர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். அதே விளையாட்டின் ஹாக்கி இறுதியில் இந்தியாவை வென்று தங்கம் பெற்றவர்கள் அவர்கள்.

பி. கே. பானர்ஜி ஒன்று, தலைக்கட்டுடன் ஜர்னைல் ஒன்று. இந்தியா 2-1 என வென்றது. ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா அதற்குப் பின் இன்றுவரை தங்கம் பெறவில்லை. ரஹீம் சாகிப் அடுத்த ஆண்டு, 1963 ஜூன் மாதம், இறையடி சேர்ந்தார்.

அவ்வாண்டிலேயே கல்கத்தாவுக்குப் போய்ச் சேர்ந்த எங்கள் அத்தாவுக்கு, ஜகார்த்தா வெற்றி செய்தித்தாளில் படித்த செய்திதான். அவர் கண்ணால் கண்டு வியந்தது வேறொன்று. முதல் குளிர்காலத்தில் மண்டி நண்பர் ஒருவருடன் ஈடன் தோட்டத்தில் கிரிக்கெட் பார்க்கச் சென்றிருக்கிறார். வெள்ளைச் சட்டையில் மிதவேகப் பந்து வீசிக்கொண்டிருந்த ஒருவரைப் பார்த்து, "சுனியைப் போலவே இருக்கிறாரே" என்றாராம். நண்பர் சிரித்துவிட்டு, "போலவே இல்லை, அவரேதான்" என்றாராம்.

ஆம், ஆசியாவின் தங்கம் பெற்ற கால்பந்து அணியின் தலைவர், அதே 1962-63 பருவத்தில் வங்காளத்துக்காக முதல்தரக் கிரிக்கெட்டிலும் அறிமுகமானார். கல்கத்தா மைதானில் அது நடக்கக்கூடிய காரியமாக இருந்தது. கோடையின் இறுதியில் தொடங்கி மழைக்காலம் முழுதும் கால்பந்து. மழை ஓய்ந்து புல் காய்ந்து குளிர் தொடங்கியதும் கிரிக்கெட். நிலம் ஒன்றே, பருவங்கள் இரண்டு. உழவன் ஒரே வயலில் நெல்லுக்குப் பின் உளுந்து தெளிப்பதைப் போல, ஓராட்டம் ஓய்ந்த இடத்தில் மற்றோர் ஆட்டம் முளைத்தது. அவர் மோகன் பகானுக்காக ஹாக்கியும் ஆடினார், டென்னிசும் ஆடினார்.

1966 டிசம்பரில் சோபர்ஸ் தலைமையில் மேற்கிந்தியத் தீவுகள் அணி இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தது. இந்தூரில் அதனை எதிர்த்து ஆடியது மத்திய, கிழக்கு மண்டலங்களின் கூட்டணி. உலகின் வலிமை மிக்க அணி 136 ஓட்டங்களுக்கும் 103 ஓட்டங்களுக்கும் சுருண்டது. ஓர் இன்னிங்ஸும் 44 ஓட்டங்களும் என்ற வேறுபாட்டில் தோற்றது. வங்காளத்தின் சுப்ரதா குஹா 11 விக்கெட்டுகளும், சுனி கோஸ்வாமி 8 விக்கெட்டுகளும் எடுத்தனர். அந்த ஆட்டத்தில் சுனி நெடுந்தூரம் ஓடிச் சென்று பிடித்த ஒரு பந்தைப் பற்றிப் பழைய ரசிகர்கள் நெடுநாள் பேசினர். கால்பந்துக்காரரின் கால்கள் அல்லவா!

1968-69 ரஞ்சிக் கோப்பை இறுதியில் பம்பாய்க்கு எதிராக 96, 84 என இரு இன்னிங்ஸிலும் சதத்தை நெருங்கி நின்றார். 1971-72 இல் வங்காள அணியின் தலைவராக மீண்டும் இறுதிக்கு வந்தார். இரண்டு முறையும் கோப்பை பம்பாய்க்கே சென்றது.

இத்தனையும் அத்தா சொல்லி நாங்கள் அறிந்தவை. பின்னர் படித்துச் சரிபார்த்துக்கொண்டவை. அத்தா 2022 இல் வஃபாத்தானார். அவர் கதைகளும் அவருடன் போய்விட்டன என்றே நினைத்திருந்தோம், சென்ற ஆண்டு அவை எங்களுக்குத் தேவைப்படும் வரை.

எங்கள் மகனுக்கு அப்போது பதின்மூன்று வயது. பள்ளி அணியில் கால்பந்து ஆடினான். வார இறுதியில் ஒரு பயிற்சிக்கூடத்தில் கிரிக்கெட் கற்றான். ஆண்டுக் கட்டணம் முழுவதையும் முன்கூட்டியே செலுத்தியிருந்தோம். ஒருநாள் பயிற்சியாளர் எங்களை அழைத்து, "இம்மாத இறுதிக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். கால்பந்தில் முழங்கால் போய்விட்டால் இங்கே பந்து வீச முடியாது. இரண்டு தோணியில் கால் வைப்பவன் எங்கேயும் சேரமாட்டான்" என்றார். அவர் தீயவர் அல்லர். தம் தொழிலை அறிந்தவர். இன்று பயிற்சிக்கூடங்களில் பருவம் என்பது இல்லை. பன்னிரண்டு மாதமும் ஒரே ஆட்டம். அதில் மாவட்ட அணி, மாநில அணி என்று படிகள் உண்டு. படியேற விரும்புகிறவன் வேறெங்கும் திரும்பக்கூடாது என்பது அவர்களுடைய கணக்கு.

அந்தக் கணக்கை நாங்களும் ஏற்றோம். ஏற்றதோடு நில்லாமல் எங்கள் கணக்கையும் அதில் கூட்டினோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம். "எதில் உனக்கு மாநில அணி வரை போக வாய்ப்பு இருக்கிறதோ அதை மட்டும் ஆடு. இரண்டிலும் இல்லை என்றால் இரண்டையும் விட்டுவிட்டுப் படி. பத்தாம் வகுப்பு வரப்போகிறது" என்றோம். நியாயமாகப் பேசிவிட்டோம் என்ற நிறைவும் எங்களுக்கு இருந்தது.

பிள்ளை மூன்று நாள் யோசித்தான். நான்காம் நாள், "அத்தா, ரெண்டுமே வேணாம்" என்றான்.

வீட்டில் அமைதி நிலவியது. மாலையில் அஸருக்குப் பின் வெளியே போனவன் மக்ரிபு பாங்கு கேட்கும்போது சேறும் வியர்வையுமாக ஓடிவருவது நின்றுபோயிற்று. நேரத்திற்குப் படித்தான். மதிப்பெண் கூடவுமில்லை, குறையவுமில்லை. கைப்பேசியின் வெளிச்சம் மட்டும் அவன் அறையில் கூடியது. ஒருநாள் இரவு உணவின்போது அவனே கேட்டான்: "நன்னா சொல்வாங்களே, சுனி கோஸ்வாமி... அவர் கிரிக்கெட்ல இந்தியாவுக்கு ஆடினாரா?"

"இல்லை" என்றோம்.

"எத்தனை செஞ்சுரி?"

தேடிப் பார்த்தோம். 46 முதல்தர ஆட்டங்கள். 1592 ஓட்டங்கள். சராசரி 28.42. சதம் ஒன்றே ஒன்று. விக்கெட்டுகள் 47.

"அப்போ கிரிக்கெட்ல அவர் பெரிய ஆள் இல்லையா?" என்றான்.

அந்தக் கேள்விக்கு உடனே விடை சொல்ல எங்களால் இயலவில்லை. எண்களை மட்டும் வைத்துப் பார்த்தால் அவன் சொன்னது சரியே. கால்பந்தில் அவர் ஆசியாவின் முன்னணி ஆட்டக்காரர்களுள் ஒருவர். கிரிக்கெட்டில் ஒரு மாநில ஆட்டக்காரர். எங்கள் விதிப்படி பார்த்தால் அவர் கிரிக்கெட் மட்டையைத் தொட்டிருக்கவே கூடாது. அப்படித் தொடாமலிருந்தால் இந்தூரில் அந்த எட்டு விக்கெட்டுகள் இல்லை. வங்காளம் இறுதிக்கு வந்த அந்த ஆண்டு இல்லை. ஒரு குளிர்கால மாலையில் தோல் மண்டிக் கணக்குப்பிள்ளை ஒருவர் திகைத்து நின்ற அந்த மகிழ்ச்சியும் இல்லை.

இன்னொன்றையும் எண்ணிப் பார்த்தோம். 1964 இல் ஆசியக் கோப்பையில் இந்தியா இரண்டாம் இடம் பெற்றது. அதற்கும் சுனியே தலைவர். அவ்வாண்டிலேயே, இருபத்தாறு வயதில், பன்னாட்டுக் கால்பந்திலிருந்து அவர் விலகினார். இன்னும் பல ஆண்டுகள் ஆடியிருக்கலாம் என்று வருந்தியவர் பலர். அத்தாவும் வருந்தியிருக்கிறார். ஒன்றை மட்டும் பற்றிக்கொண்டிருந்தால் அதில் இன்னும் உயரத்திற்குச் சென்றிருப்பாரோ என்ற கேள்வி அவரைப் பொறுத்தவரை வீணான கேள்வி அன்று. இரண்டு ஆட்டங்களை ஆடியவர் அதற்கு ஏதேனும் விலை கொடுத்தும் இருக்கலாம். ஆகவே, பயிற்சியாளர் சொன்னது முழுப் பொய் என்று நாங்கள் பிள்ளையிடம் சொல்லவில்லை.

நாங்கள் அவனிடம் சொன்னது இவ்வளவுதான்: "அவர் கிரிக்கெட்டில் பெரிய ஆள் இல்லை என்றே வைத்துக்கொள். ஆனாலும் பல பருவம் ஆடினார். பெரிய ஆளாக இருந்தால்தான் ஆடலாம் என்று நாங்கள் சொன்னது தவறு."

பிள்ளையிடம் தவறு என்று சொல்வது நம் வீடுகளில் வழக்கம் அன்று. சொல்லும்போது நா தடுமாறியது. சொன்னபின் வானம் இடிந்து விழவுமில்லை.

உடல் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம் என்று நாம் நம்புகிறோம். அமானிதத்தைப் பேணுவது என்றால் நோய் வராமல் பார்த்துக்கொள்வது மட்டும்தானா? ஓடக்கூடிய வயதில் காலை ஓடவிடுவதும் அதில் அடங்கும் அல்லவா? வட்டியைத் தவிர்க்கும் நாம், பிள்ளையின் ஒவ்வொரு மாலை நேரத்தையும் முதலீடாக எண்ணி அதற்கு இலாபம் கேட்கத் தொடங்கிவிட்டோம். "இதனால் என்ன கிடைக்கும்?" என்ற கேள்வியைப் பெரியவர்களின் வணிகத்தில் கேட்கலாம். பதின்மூன்று வயதுப் பிள்ளையின் அஸருக்கும் மக்ரிபுக்கும் இடைப்பட்ட நேரத்தில் அக்கேள்விக்கு இடமில்லை.

சுனி கோஸ்வாமி 1972-73 பருவத்துடன் கிரிக்கெட்டிலிருந்தும் விலகினார். வங்கிப் பணியில் இருந்தவாறே இத்தனையும் ஆடியவர். 1963 இல் அர்ஜுனா விருதும், 1983 இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். பின்னர் ஜம்ஷெட்பூரின் டாடா கால்பந்து அகாதெமியில் இளைஞர்களை உருவாக்கும் பொறுப்பை ஏற்றார். 2005 இல் கொல்கத்தாவின் ஷெரீஃப் ஆக நியமிக்கப்பட்டார். 2020 ஜனவரியில் அவர் உருவம் பொறித்த அஞ்சல் தலை வெளியிடப்பட்டது. மார்ச் 20 அன்று ஜகார்த்தாவின் தோழர் பி. கே. பானர்ஜி மறைந்தார். நாற்பத்தொரு நாள் கழித்து அவரும் மறைந்தார். ஒரு காலத்தில் மைதானை நிறைத்தவரின் இறுதிப் பயணம், ஊரடங்கின் காரணத்தால், ஒரு சிலருடன் முடிந்தது. அந்நாட்களில் நம் ஜனாஸாக்களும் அப்படித்தானே புறப்பட்டன. எத்தனை புகழ் பெற்றவராயினும் கடைசி வரிசையில் எவ்வளவு பேர் நிற்பர் என்பது நம் கையில் இல்லை என்று அத்தா அன்று சொன்னது நினைவிருக்கிறது.

பயிற்சிக்கூடத்தில் மகனைத் தொடர்ந்து வைத்துக்கொள்ள அவர்கள் இசையவில்லை. கட்டணமும் திரும்ப வரவில்லை. இழப்புதான். அதை நோகாமல் ஏற்றோம் என்று சொன்னால் பொய்யாகும். வீட்டில் இரண்டு மாதம் கணக்கு இடித்தது. மாவட்ட அணியில் அவனுக்கு இடம் கிடைக்குமா என்பதும் இனி ஐயத்திற்குரியதே. அதை அவனிடம் மறைக்கவில்லை. "பரவால்ல" என்று மட்டும் சொன்னான்.

இப்போது எங்கள் தெருப் பிள்ளைகள் தாமாகவே ஒரு முறையை வகுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஐப்பசி மழை தொடங்கியதும் கால்பந்து. தை பிறந்து தரை காய்ந்ததும் கிரிக்கெட். நன்னா சொன்ன கல்கத்தாவின் மாதங்கள் வேறு, நம் ஊரின் மாதங்கள் வேறு, முறை ஒன்றுதான். யார் அவர்களுக்கு இதைச் சொன்னது என்று நாங்கள் கேட்கவில்லை. பாங்கு ஒலிக்கும்போது சேற்றுக் கால்களுடன் ஓடிவருகிறான். ஒளூச் செய்யும் இடத்தில் தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடுகிறது. அதைக் கழுவிவிடச் சொல்லி அவனுடைய உம்மா சத்தமிடுகிறார். அந்தச் சத்தம் எங்கள் வீட்டிற்குத் திரும்ப வந்ததற்காக இறைவனுக்கே புகழனைத்தும்.

பெற்றோராகிய நம் அனைவருக்கும் எங்கள் பணிவான வேண்டுகோள் ஒன்று. பிள்ளை எதில் வெல்வான் என்று கேட்குமுன், எதை ஆடும்போது அவன் முகம் மலர்கிறது என்று ஒரு மாலை திடலோரம் நின்று பாருங்கள். எங்கள் அத்தா கோட்டை மேட்டில் நின்று பார்த்ததைப் போல. அதற்கு நுழைவுச்சீட்டும் தேவையில்லை.